நாய்க்கு உண்ணிக் காய்ச்சலா? ரத்தப் பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உண்ணி, கொசு, ஈ ஆகியவை நாயின் ரத்தத்தில் கொண்டுவந்து விடும் நோய்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது பற்றிய பக்கம் இது. நாய் வளர்ப்பவர்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகளையே தலைப்பாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டெஸ்டும் வேறு வேறு பொருளைத் தேடுகிறது. ரத்தம் எந்த நாளில் எடுத்தார்கள், மருந்துக்கு முன்பா பின்பா என்பது தெரியாமல் 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்ற சொல்லை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

எப்போது ரத்தம் பார்க்க வேண்டும்? என் நாய் மேல் உண்ணியே இல்லையே?

ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருப்பது, காய்ச்சல், சோர்ந்து ஒரே இடத்தில் படுப்பது, ஈறு வெளுத்திருப்பது, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ரத்தம் பார்ப்பது நல்லது. சிறுநீர் கறுத்திருந்தாலோ ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

மூக்கையோ காதையோ தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைச் சொல்ல முடியாது. நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் இருக்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால்தான் சரி.

இப்போது உண்ணி இல்லை என்பதால் நிம்மதி அடைய முடியாது. எர்லிக்கியா கிருமி உடலுக்குள் போனபின் காய்ச்சல் வர 8 முதல் 20 நாள் ஆகும். கடித்த உண்ணி அதற்குள் வயிறு நிறைந்து விழுந்து, உங்கள் வீட்டுச் சுவர் விரிசலிலோ கட்டிலுக்குப் பின்னாலோ முட்டையிடப் போயிருக்கும். நம் ஊர்களில் அதிகம் காணும் பழுப்பு நாய் உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. வீட்டுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. நீண்ட முடியுள்ள நாயாக இருந்தால் ஒன்றிரண்டு உண்ணிகள் கண்ணில் படாமலும் போகலாம்.

ஒரு வார்த்தை: டாக்டரிடம் போகும் முன் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதையும் கொடுக்காதீர்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருக்கும் நாய்க்கு இவற்றில் சில ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் ஈரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும்.

உண்ணிக் காய்ச்சல் என்பது ஒரே நோய்தானே?

இல்லை. இந்த ஒரு பெயருக்குள் நான்கைந்து நோய்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதால்தான் டெஸ்ட் தேவைப்படுகிறது.

எர்லிக்கியா கேனிஸ் வெள்ளையணுக்களில் மோனோசைட் என்ற வகைக்குள் குடியிருக்கும் பாக்டீரியா. கண்டிப்பாகச் சொன்னால் அதை ஒட்டுண்ணி வகையில் சேர்க்க முடியாது. ஆனால் அதே உண்ணியால் வருவதாலும், அறிகுறிகள் ஒத்திருப்பதாலும் எல்லா இடத்திலும் சேர்த்தே தேடுகிறார்கள். அனாபிளாஸ்மா பிளாட்டிஸும் பாக்டீரியாதான். அது பிளேட்லெட்டுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். பபேசியா சிவப்பணுக்களை உடைக்கும் உண்மையான ஒட்டுண்ணி. ஹெபடோசூன் கேனிஸ் உண்ணி கடிப்பதால் வருவதில்லை. நாய் உண்ணியைக் கடித்து விழுங்கும்போது வருகிறது.

பபேசியாவில் பெரியது, சிறியது என்று இரண்டு இருக்கின்றன. சிறியதான பபேசியா ஜிப்சோனிக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு. 1910-இல் பாட்டன் என்ற ஆய்வாளர் அதை முதன்முதலில் விவரித்தது சென்னையில்தான். மெட்ராஸ் ஹன்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்தில் கண்டார். பிறகு நரியின் ரத்தத்திலும் கண்டார். நூறாண்டு கடந்தும் அதே கிருமி இங்குள்ள நாய்களைப் படுக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

இது பெரியதா சிறியதா என்பது மருந்தைத் தீர்மானிக்கும். பெரிய பபேசியாவுக்கு இமிடோகார்ப் ஊசி நன்றாக வேலை செய்யும். ஜிப்சோனிக்கு அது சரிவர எடுபடாது. அடோவாக்குவோனும் அசித்ரோமைசினும் சேர்த்து 10 நாள் கொடுப்பது, அல்லது டாக்டர் தேர்ந்தெடுக்கும் வேறு கூட்டு மருந்து என்று போக வேண்டியிருக்கும். ரிப்போர்ட்டில் 'பபேசியா பாசிட்டிவ்' என்று மட்டும் இருந்தால், எந்த பபேசியா என்று கேளுங்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான், தயங்க வேண்டாம்.

முதலில் எந்த டெஸ்ட் செய்யச் சொல்ல வேண்டும்?

முழு ரத்த எண்ணிக்கையும் ரத்த ஸ்மியரும், ஒரே நாளில், முதல் டோஸ் மருந்துக்கு முன்னால். பணம் குறைவாக இருந்து இரண்டுதான் செய்ய முடியும் என்றால் என் தேர்வு இந்த இரண்டும்தான்.

எண்ணிக்கை உடலுக்கு எவ்வளவு சேதம் என்று சொல்லும். நாய்க்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 12 முதல் 18 கிராம் வரை இருக்க வேண்டும். ரத்தத்தில் அணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி 37 முதல் 55 சதவீதம். பிளேட்லெட் ஒரு மைக்ரோலிட்டருக்கு 2 லட்சம் முதல் 5 லட்சம். இந்த எண்கள் லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்; இனத்துக்கு இனமும் மாறும். கிரேஹவுண்ட் நாய்க்கு இயல்பிலேயே பி.சி.வி அதிகம், பிளேட்லெட் குறைவு.

ஸ்மியர் சேதத்துக்கு யார் காரணம் என்று தேடும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தை மெல்லியதாக இழுத்து, காயவைத்து, ஜீம்சா அல்லது லீஷ்மன் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெரிய பபேசியா சிவப்பணுவுக்குள் இரண்டிரண்டாகச் சேர்ந்த பேரிக்காய் வடிவத்தில் இருக்கும். ஜிப்சோனி சின்ன மோதிரம்போல் தெரியும். ஹெபடோசூன் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவுக்குள் நீள்வட்டமாகக் கிடக்கும்.

ஸ்மியரில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அப்படியானால் நோய் இல்லைதானே?

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ரிப்போர்ட் இதுதான். 'ஒட்டுண்ணி காணப்படவில்லை' என்றால், பார்த்த தகட்டில் காணப்படவில்லை என்று மட்டுமே பொருள். எர்லிக்கியா தீவிரமாக இருக்கும் ஆரம்ப நாட்களில்கூட, நூறு நாய்களில் நான்கைந்தில்தான் அதன் கொத்தை ஸ்மியரில் பார்க்க முடிகிறது. ஜிப்சோனி ரத்தத்தில் ஒரு நாள் கூடும், இன்னொரு நாள் குறையும். நாள்பட்ட நோயில் தேடிக் கிடைப்பதே அரிது.

அதனால் ஸ்மியரில் பழகிய கண்ணுக்குக் கிருமி தெளிவாகத் தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. தெரியாவிட்டால் கேள்வி அப்படியே நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பைக் கூட்டச் சில வழிகள் உண்டு. காது நுனியில் குத்தி எடுக்கும் முதல் சொட்டில், பெரிய நரம்பில் எடுக்கும் ரத்தத்தைவிட பபேசியா அதிகம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. வெள்ளையணுக்களுக்குள் வாழும் எர்லிக்கியா, ஹெபடோசூன் இரண்டுக்கும், ரத்தத்தைச் சுழற்றி நடுவில் படியும் வெள்ளை அடுக்கை எடுத்து ஸ்மியர் போடுவது பலன் தரும். அடுத்தடுத்த நாட்களில் திரும்பப் பார்ப்பதும் உதவும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஸ்மியரை ரத்தம் எடுத்த உடனே போடுவது. குழாயில் பல மணி நேரம் கிடந்த ரத்தத்தில் அணுக்கள் உருமாறிவிடும். சாயத் துகளைப் பார்த்துக் கிருமி என்று சொல்லும் தவறும் நடப்பதுண்டு. பழகிய கண் பார்த்த தகட்டுக்கு ஈடு எந்த மெஷினும் இல்லை என்பது என் கருத்து.

பிளேட்லெட் 40 ஆயிரம்தான் இருக்கிறதாம். டெங்கு மாதிரியா? பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

பயம் புரிகிறது. ஆனால் முதலில் அந்த எண் உண்மைதானா என்று பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கும்போது நாய் திமிறினாலோ, ஊசி இரண்டு முறை குத்தப்பட்டாலோ பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்தக் கட்டிகளைப் பிளேட்லெட்டாக எண்ணாது, எண்ணிக்கை குறைந்துவிடும். ஸ்மியரின் ஓரத்தில் கட்டிகள் இருக்கின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் இனத்தில் பரம்பரையாகவே பிளேட்லெட் பெரிதாகவும் குறைவாகவும் இருக்கும். அந்த நாய் நோயாளி ஆகாது.

எண் உண்மை என்றால், எர்லிக்கியா, அனாபிளாஸ்மா, பபேசியா மூன்றுமே பிளேட்லெட்டைக் குறைப்பவை. எனவே பிளேட்லெட் குறைவை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது. பப்பாளி இலையோ நிலவேம்போ இந்தக் கிருமிகளைக் கொல்லாது. அவற்றைக் கொடுத்துக் காத்திருக்கும் இரண்டு நாள், நாய்க்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையின் இரண்டு நாள். காரணத்துக்கு மருந்து போனால் பிளேட்லெட் தானாக ஏறும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சரியாக ஆரம்பித்தால் பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளில் எழுந்து நடமாடும். பிளேட்லெட் இரண்டு வாரத்துக்குள் இயல்புக்கு வரும்.

கிட் டெஸ்டில் எர்லிக்கியா பாசிட்டிவ். இப்போது நோய் இருக்கிறது என்று அர்த்தமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கிளினிக்கிலேயே பத்து இருபது நிமிடத்தில் முடிவு சொல்லும் இந்தக் கிட்கள் எர்லிக்கியா, அனாபிளாஸ்மா விஷயத்தில் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக நாயின் உடல் உண்டாக்கிய ஆன்டிபாடியைத்தான் தேடுகின்றன. நோய் குணமான பின்னும் அந்த ஆன்டிபாடி மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். போன வருடம் வந்து போன நோய்க்கு இந்த வருடமும் கோடு விழும். நாய் ஆரோக்கியமாக ஓடியாடி, ரத்த எண்ணிக்கையும் சரியாக இருந்தால், அந்தக் கோட்டுக்காக மட்டும் ஒரு மாத மருந்து கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் நிதானமாகப் பேசுங்கள்.

அதேசமயம் எர்லிக்கியாவில் அறிகுறியே இல்லாத நடுக்கட்டம் ஒன்று உண்டு. மாதங்கள், ஏன் வருடங்கள்கூட அப்படியே போய், பிறகு எலும்பு மஜ்ஜையே ஓய்ந்துபோகும் கட்டத்துக்குச் சில நாய்கள் போய்விடும். ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு இந்த நோய் கடுமையாக வருவது தெரிந்த விஷயம். அதனால் பாசிட்டிவ் வந்த நாய்க்கு ரத்த எண்ணிக்கை, ரத்தத்தில் குளோபுலின் அளவு, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெளியும். இரண்டும் ரத்தப் புரதங்கள்; குளோபுலின் ஏறி ஆல்புமின் இறங்கியிருந்தால் உடல் நீண்டநாளாகப் போராடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கிட் நெகட்டிவ், ஆனால் நாய் படுத்தே கிடக்கிறது?

இரண்டு காரணம் இருக்கலாம். நோய் வந்து முதல் இரண்டு வாரத்தில் ஆன்டிபாடி இன்னும் உருவாகியிருக்காது. காய்ச்சல் கொதிக்கும் அந்த நாட்களில்தான் கிட் ஏமாற்றும். லேபில் ஆன்டிபாடி அளவை அளந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கும்போது அது நான்கு மடங்கு ஏறியிருந்தால் அது புதிய தொற்று.

அடுத்தது, அந்தக் கிட் உங்கள் நாயின் நோயைத் தேடவே இல்லாமல் இருக்கலாம். பலரும் பயன்படுத்தும் ஸ்னாப் 4டிஎக்ஸ் பிளஸ் கிட் இதயப் புழு, எர்லிக்கியா, அனாபிளாஸ்மா, லைம் நோய் ஆகியவற்றுக்கானது. பபேசியாவும் ஹெபடோசூனும் அதில் இல்லை. 'உண்ணிக் காய்ச்சல் டெஸ்ட் நெகட்டிவ்' என்று யாராவது சொன்னால், எந்தெந்தக் கிருமிக்கு நெகட்டிவ் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பி.சி.ஆர் எடுத்தால் எல்லாச் சந்தேகமும் தீருமா?

பெரும்பாலும் தீரும், முழுதாக அல்ல. பி.சி.ஆர் கிருமியின் டி.என்.ஏ-வையே தேடுவதால், இப்போது ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் தருகிறது. எந்த வகை பபேசியா என்றும் பிரித்துச் சொல்லும். ஸ்மியரில் கிடைக்காத அளவு குறைவான கிருமியையும் பிடிக்கும். ஆனால் கிருமி மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் ஒளிந்து, எடுத்த அந்த 1 மில்லி ரத்தத்தில் இல்லாமல் போனால் பி.சி.ஆரும் நெகட்டிவ் சொல்லும்.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வகங்களும் சில தனியார் ஆய்வகங்களும் இதைச் செய்கின்றன. முடிவுக்கு ஓரிரு நாள் ஆகலாம். உடல் மோசமாக இருக்கும் நாய்க்கு அதுவரை மருந்தை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு மருந்தை ஆரம்பிப்பதே முறை.

நாங்கள் ஏற்கெனவே டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்துவிட்டோமே?

சரி, நிறுத்த வேண்டாம். ஆனால் எந்தத் தேதியில், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். ஒருசில வேளை மருந்து உள்ளே போனதுமே ஸ்மியரும் பி.சி.ஆரும் நெகட்டிவ் ஆகிவிடக்கூடும். ஆன்டிபாடி மட்டும் நிற்கும். எர்லிக்கியாவுக்கு மருந்து பொதுவாக 28 நாள். நாய் மூன்றாம் நாளே வாலாட்டிச் சாப்பிட ஆரம்பித்துவிடும் என்பதால் பலர் பத்து நாளில் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாத்திரையை வெறும் வாயில் திணிக்காமல் உணவோடு கொடுங்கள். உணவுக்குழாயில் தங்கினால் புண் ஆக்கும்.

ரத்தம் எடுக்க வெறும் வயிற்றில் கூட்டிப் போக வேண்டுமா? எவ்வளவு எடுப்பார்கள்?

ஸ்மியர், எண்ணிக்கை, கிட், பி.சி.ஆர் எதற்கும் பட்டினி தேவையில்லை. ஈரல், சிறுநீரகப் பரிசோதனையும் சேர்ந்தால் 8 மணி நேரம் உணவில்லாமல் இருப்பது நல்லது, தண்ணீர் கொடுக்கலாம். குட்டிகளையும் ஏற்கெனவே சாப்பிடாமல் சோர்ந்த நாயையும் பட்டினி போட வேண்டாம். மொத்தம் 2 முதல் 4 மில்லி போதும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க இ.டி.டி.ஏ இருக்கும், எண்ணிக்கைக்கும் பி.சி.ஆருக்கும் அது.

மனிதர்களுக்கான லேபில் கொடுத்துப் பார்க்கலாமா?

வேறு வழியே இல்லாத ஊரில் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அங்குள்ள மெஷின் மனித அணுக்களின் அளவுக்கு அமைத்தது; அச்சாகும் 'இயல்பான அளவு' மனிதனுக்கானது. அதிலுள்ள நட்சத்திரக் குறிகளைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். கூடவே இரண்டு தகட்டில் ஸ்மியர் இழுத்து வாங்கி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இதயப் புழு டெஸ்ட் இங்கே தேவையா?

கொசு இருக்கும் ஊரில் அந்தக் கேள்வி நியாயமானது. கொசு பரப்பும் புழுக்களில் டைரோஃபைலேரியா இமிட்டிஸ் இதயத்திலும் நுரையீரல் ரத்தக்குழாயிலும் வாழும். டைரோஃபைலேரியா ரெபன்ஸ் தோலுக்கு அடியில் வாழும். நம் பக்கத்தில், குறிப்பாகக் கேரளத்தில், நாய்களிடம் அதிகம் காண்பது ரெபன்ஸ்.

இதயப் புழு கிட் தேடுவது வளர்ந்த பெண் புழு வெளிவிடும் ஆன்டிஜென் என்ற பொருளை. கொசு கடித்து ஏறக்குறைய ஆறு மாதம் ஆனால்தான் அது ரத்தத்தில் தெரியும். நான்கு மாதக் குட்டிக்கு இந்த டெஸ்ட் செய்வது வீண். ரெபன்ஸை அந்தக் கிட் காட்டாது. அதற்கு ரத்தத்தில் நீந்தும் மைக்ரோஃபைலேரியா என்ற இளம்புழுக்களைத் தேட வேண்டும். 1 மில்லி ரத்தத்தோடு 2 சதவீத ஃபார்மலின் 9 மில்லி கலந்து, சுழற்றி, அடியில் படிந்ததைச் சாயம் போட்டுப் பார்க்கும் நாட் முறை எளியது, மலிவானது. மாலையிலும் இரவிலும் இளம்புழுக்கள் ரத்தத்தில் அதிகம் வரும். முடிந்தால் மாலையில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.

பார்க்காமலே தடுப்பு மருந்து கொடுத்துவிடலாமே என்றால், இளம்புழுக்கள் நிறைய இருக்கும் நாய்க்கு ஐவர்மெக்டின் போன்ற மருந்து போனதும் அவை ஒரேயடியாகச் செத்து, நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகக்கூடும். அதனால்தான் முதலில் டெஸ்ட்.

வயிற்றுப் பூச்சி ரத்தத்தில் தெரியுமா?

தெரியாது. அதற்கு மலப் பரிசோதனைதான். ஆனால் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சி நாயை வெளுக்கவைக்கும். குட்டியின் ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் உண்ணிக் காய்ச்சலை மட்டும் துரத்தாமல் மலத்தையும் பாருங்கள்.

திடீரென்று கண் வெள்ளை பூத்து, முகமும் காலும் வீங்கியிருக்கிறது. இதுவும் உண்ணிக் காய்ச்சலா?

சர்ராவாக இருக்கலாம். டிரிபனோசோமா இவான்சி என்ற ஒட்டுண்ணியால் வருவது. மாட்டு ஈ போன்ற கடிக்கும் ஈக்கள் பரப்புவது. 1880-இல் பஞ்சாபில் குதிரை, ஒட்டக ரத்தத்தில் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தது. மாட்டுத் தொழுவம் பக்கத்தில் இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். ஒரு சொட்டுப் புது ரத்தத்தை மூடுதகட்டின் அடியில் வைத்தால் ஒட்டுண்ணி நெளிந்து ஓடுவது நேரிலேயே தெரியும். இதன் மருந்து முற்றிலும் வேறு.

ரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். நண்பரின் நாயைக் கூட்டி வரலாமா?

கொண்டு வாருங்கள், ஆனால் கொடுக்கும் நாய்க்கும் டெஸ்ட் செய்யாமல் ஏற்ற விடாதீர்கள். வெளியில் நன்றாகத் தெரியும் நாய் எர்லிக்கியாவையோ பபேசியாவையோ சுமந்துகொண்டிருக்கலாம். ஸ்மியரும், நேரம் இருந்தால் பி.சி.ஆரும், கூடவே இரண்டு நாய்களின் ரத்தமும் பொருந்துகிறதா என்ற பரிசோதனையும் வேண்டும். ஜிப்சோனி நாய்ச் சண்டையில் கடி வழியாகவும், தாயிடமிருந்து குட்டிக்கும் பரவும் என்பதால் உண்ணி மருந்து தவறாமல் போடும் வீட்டு நாயும் விதிவிலக்கு அல்ல.

முழுதாகக் குணமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

எர்லிக்கியா என்றால் மருந்து முடிந்ததும் ரத்த எண்ணிக்கையைப் பார்த்து, சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஆன்டிபாடி கிட்டைத் திரும்பச் செய்து 'இன்னும் பாசிட்டிவ்' என்று கலங்க வேண்டாம். அது அப்படித்தான் இருக்கும். ஜிப்சோனி என்றால் சிகிச்சை முடிந்து 60-ஆம் நாளும் 90-ஆம் நாளும் பி.சி.ஆர் செய்து, இரண்டும் நெகட்டிவ் வர வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

வீட்டில் இன்னொரு நாய் இருக்கிறது. எங்களுக்கும் ஒட்டுமா?

இன்னொரு நாய்க்கும் அதே உண்ணிகள்தான், எனவே அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு முறை எண்ணிக்கையும் ஸ்மியரும் பாருங்கள். நாயைத் தொடுவதாலோ நாய் நக்குவதாலோ இந்த நோய்கள் மனிதருக்கு வருவதில்லை. ரெபன்ஸ் புழு மட்டும் கொசு வழியாக மனிதர் கண்ணிலோ தோலுக்கடியிலோ வந்த நிகழ்வுகள் கேரளத்தில் பதிவாகியிருக்கின்றன. உண்ணியைப் பிடுங்கும்போது விரலால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டுவிடுங்கள். எல்லா நாய்களுக்கும் ஒரே நாளில் உண்ணி மருந்து கொடுத்து, சுவர் விரிசல்களையும் படுக்கையையும் சேர்த்துச் சுத்தம் செய்தால்தான் அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுக்க வரவேண்டிய நிலை வராது.